‘லாம்’ இல்லை, ‘வேண்டும்’

ரெனீட்டா கிரென்ஷா ஒப்பந்த மேலாளர் பரீட்சையில் தேறிவிட்டாள் என்ற செய்தி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. பத்தே காலுக்குள் டாலிவர் கம்பெனியில் அது தெரியாத ஆள் இல்லை. மத்தியானத்துக்குள் முதலாளி கேல் டாலிவர் தானே காரை எடுத்துக்கொண்டு போய், மூன்றடுக்கு கேரமல் கேக் ஒன்றை வாங்கி வந்து சாப்பாட்டு அறை மேஜையில் வைத்துவிட்டாள். முதலாளியே கேக் வாங்கப் போவதெல்லாம் அந்தக் கம்பெனியில் அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை.

“எண்பத்தேழு எடுத்தவங்க பெரிய துண்டா வெட்டிக்கட்டும். அறுபத்தெட்டு எடுத்தவனுக்கு ஓரத்துல வழியற கிரீமே போதும்,” என்றான் டுவெய்ன் பெட்டஸ். ஜெனரேட்டர் பிரிவின் மேஸ்திரி. அவனும் அதே பரீட்சை எழுதியிருந்தான். தேற எழுபது வேண்டும். “ரெண்டே மார்க், மிஸ் ரெனீட்டா! அதுவும் அந்தப் பாழாப்போன ‘லாம்’லதான் போச்சு.”

“எட்டு மாசமா வியாழக்கிழமை தவறாம உனக்குத் தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேனா இல்லையா? ‘செய்யலாம்’னா அவங்க இஷ்டம். ‘செய்ய வேண்டும்’னா உன் கழுத்து. இதுல என்னப்பா குழப்பம் உனக்கு?”

“ஜெனரேட்டர்ல எனக்கு எந்தக் குழப்பமும் வராது. ஓடும், இல்லன்னா ஓடாது. ‘ஓடலாம்’னு ஒண்ணு எங்க ஊர்லயே கிடையாது.”

எல்லோரும் சிரித்தார்கள். ரெனீட்டாவும் சிரித்தாள். ஆனால் அவள் தட்டில் கேக் அப்படியே இருந்தது.

காரணம், தேறிய செய்தியோடு வந்த இரண்டாவது பத்தி. சான்றிதழ் தரும் சங்கம் வாழ்த்து சொல்லிவிட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தது: “தங்கள் கல்லூரிப் பட்டத்தின் நகல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.” எங்கிருந்து வந்து சேரும்? ரெனீட்டாவுக்குப் பட்டமே கிடையாதே.

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, வீட்டுக்கு வந்தாள், திரும்பிப் போகவில்லை. பிறகு பதினோரு வருஷம் ஒரு கோழி ஆலையின் ஆபீசில் பில்லும் கடிதமும் எழுதினாள். ஆலையை மூடினார்கள். முப்பத்திரண்டு வயதில் டாலிவர் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்து, விண்ணப்பத்தில் ‘கல்வி’ என்று இருந்த கட்டத்துக்கு எதிரே ‘பட்டதாரி’ என்று எழுதினாள். ஒரே ஒரு சொல். எழுத இரண்டு விநாடி ஆகியிருக்குமா? இருபத்திரண்டு வருஷமாக அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டாலிவர் கம்பெனிக்கு ஹன்ட்ஸ்வில் படைத்தளத்தில்தான் பிழைப்பு. அங்கே இருக்கிற ஜெனரேட்டர், ஏ.சி., கொதிகலன் எல்லாவற்றுக்கும் இவர்கள்தான் வைத்தியர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அரசாங்கம் டெண்டர் விடும். எழுபது குடும்பமும் அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்தத் தடவை டெண்டர் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். புதிதாக ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள். கம்பெனியின் ஒப்பந்த மேலாளர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும், அவருடைய பயோடேட்டாவை இணைக்க வேண்டும், ‘இதில் உள்ள அனைத்தும் உண்மை’ என்று அவரே கையெழுத்துப் போட வேண்டும். மூன்றும் ‘வேண்டும்’. ஒன்றுகூட ‘லாம்’ இல்லை.

இந்த வேலையில் ரெனீட்டாவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. சும்மா புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை. எட்டங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். டெண்டர் காகிதத்தை மேஜையில் விரித்து, ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாக இறக்கிக்கொண்டே போவாள். முந்நூறு பக்கமானாலும் அப்படித்தான். நடுவில் யாராவது கூப்பிட்டால் ஸ்கேலை எடுக்காமல் தலையை மட்டும் தூக்குவாள்.

பத்து வருஷத்துக்கு முன்பு ஒரு டெண்டர். நான்கு மணிக்குள் ‘அனுப்ப வேண்டும்’ என்று எல்லாக் கம்பெனியும் நினைத்துக்கொண்டிருந்தது. காகிதத்தில் இருந்தது ‘பெறப்பட வேண்டும்’. ரெனீட்டா முதல் நாள் காலையிலேயே டுவெய்ன் கையில் உறையையும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தையும் கொடுத்து, “டெண்டர் ஆபீஸ் ஜன்னல் முன்னாடி உக்காரு. அவங்க முத்திரை குத்தற வரைக்கும் எழுந்திருக்காதே,” என்று அனுப்பினாள். வேறு இரண்டு கம்பெனிகளின் உறைகள் நான்கு நிமிஷம் தாமதமாக வந்தன. பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு சமயம், ஒரு மேஜர் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தி, “இன்னைக்கே வேலையை ஆரம்பிச்சிடுங்க, காகிதம் பின்னால வரும்,” என்றார். “சார், உங்க வார்த்தை மேல எனக்கு ரொம்ப மரியாதை. கையெழுத்துப் போடற அதிகாரி நீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றார். “அப்போ நாங்க காகிதத்தோடயே வர்றோம் சார்.” மேஜருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காகிதம் கடைசிவரை வரவேயில்லை. ஆரம்பித்திருந்தால் அவ்வளவும் தண்டம்.

அப்பேர்ப்பட்டவள், தன் பெயரை மட்டும் அரசாங்கக் காகிதம் எதிலும் வரவிட்டதில்லை. பயோடேட்டா கேட்டால் பெரியவர் ஓரன் டாலிவருடையதைப் போடுவாள். அவர் ஓய்வுபெற்று ஏரியில் மீன் பிடிக்கப் போனபின் மகள் கேலுடையதைப் போட்டாள். மிஸ் ரெனீட்டாவுக்கு எவ்வளவு அடக்கம் என்று கம்பெனியே மெச்சிக்கொண்டது. அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! ஆபீஸ் அலமாரிக்குள் கிடக்கிற பொய் அரசாங்கத்தின் மேஜைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். டுவெய்னை எட்டு மாசம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததுகூட அதற்காகத்தான். அவன் ராத்திரிக் கல்லூரியில் பட்டம் வாங்கியவன். கேல் விடாததால் அவளும் எழுதினாள், ஆனால் அவன் தேறியிருந்தால் அவன் பெயரே போயிருக்கும். பாவி, இரண்டு மார்க்கில் கவிழ்த்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை பூராவும் பயோடேட்டா அவள் கம்ப்யூட்டரில் திறந்தே கிடந்தது. அனுபவம், பயிற்சி எல்லாம் நிரம்பிவிட்டது. ‘கல்வி’ மட்டும் காலி.

கதவில் சாய்ந்துகொண்டு டுவெய்ன் கேட்டான், “என்ன மிஸ் ரெனீட்டா, ஒரு பக்கத்துக்கு ரெண்டு நாளா? முந்நூறு பக்கத்தை நீங்க ஒரே நாள்ல முடிப்பீங்களே.”

“இது கொஞ்சம் கஷ்டமான பக்கம்.”

“உங்களைப் பத்தின பக்கம்தானே?”

“அதனாலதான்.”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் யோசித்தாள். ‘பட்டதாரி’ என்று போட்டுக் கையெழுத்துப் போட்டால் அது குற்றம். தெரிந்தே அரசாங்கத்திடம் பொய் சொல்வதற்கு என்ன தண்டனை என்று வியாழக்கிழமை வகுப்பில் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். பேசாமல் ராஜினாமா செய்துவிட்டுப் போனாலோ, கம்பெனியில் சான்றிதழ்க்காரர் என்று ஒருவரும் இல்லை. டெண்டரை முதல் பக்கத்திலேயே தூக்கி எறிந்துவிடுவார்கள். எழுபது பேர் கதி? உண்மையைச் சொன்னால் சான்றிதழும் போகும், வேலையும் போகும், டெண்டரும் போகும். அவள் பார்த்த வரையில் மூன்று வழியும் ஒரே பள்ளத்தில்தான் போய் முடிந்தன. ஆனால் ஒன்றில் மட்டும் பொய் இல்லை. அதில் போய் விழுவோம் என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கேலின் அறைக்குப் போனாள். கேல் வெள்ளை சாஸ் வழிய ஒரு கோழி சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“கேல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க, சொல்லுங்க. பயோடேட்டா முடிஞ்சுதா?”

“எனக்குப் பட்ட...”

ஊஊஊ என்று ஊரின் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு அலறியது. மாதத்தின் முதல் புதன், சோதனை ஓட்டம். மூன்று நிமிஷம் அலறும், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கேல் ‘இரு’ என்று கையைக் காட்டிவிட்டு இன்னொரு கடி கடித்தாள். ரெனீட்டா நின்றாள். கதவு பின்னாலேயே இருந்தது. ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று சைகை காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடலாம். மூன்று நிமிஷமும் அந்த ஆசை அவளைப் பிடித்து இழுத்தது. போகவில்லை. சங்கு நின்றது.

“எனக்குப் பட்டம் கிடையாது.”

“என்ன பட்டம்?”

“கல்லூரிப் பட்டம். ரெண்டு வருஷம்தான் படிச்சேன். வேலைக்கு வரும்போது உங்கப்பாகிட்ட பொய் எழுதிக் கொடுத்தேன்.”

கேல் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். விரலில் வழிந்த சாஸைத் துடைத்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் பேச்சு!

“இருபத்திரண்டு வருஷம்! நான் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ ஒரு கட்டுரையில நாலு வரி காப்பியடிச்சேன்னு, இதோ இந்த இடத்துல என்னை நிக்க வெச்சு ஒரு மணி நேரம் பேசினது யாரு?”

“நான்தான்.”

“அப்போ உங்களுக்கு வாய் கூசலையா?”

“கூசிச்சு. தினம் கூசிச்சு. இன்னைக்கும் கூசுது.”

“டெண்டருக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்து சொல்றீங்களே! நான் என்ன பண்ணுவேன்? வெளியில எழுபது பேர் உக்காந்திருக்காங்க!” கேல் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்து, பழைய கோப்பு ஒன்றை உருவி எடுத்து மேஜைமேல் பொத்தென்று போட்டாள். “படிங்க. எல்லாத்தையும் படிக்கிறவங்கதானே நீங்க? என்ன எழுதிக் கொடுத்தீங்கன்னு வாய்விட்டுப் படிங்க.”

பெரியவர் ஓரன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்கிற மனிதர். விண்ணப்பத்தின் மேலேயே, அந்த வருஷத்துப் பத்திரிகையிலிருந்து வெட்டிய விளம்பரம் பழுப்பேறிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ரெனீட்டாவின் கை பழக்கதோஷத்தில் ஸ்கேலை எடுத்தது. வரிக்கு அடியில் வைத்தது.

“ ‘அலுவலகப் பணியாளர் தேவை. கல்லூரிப் பட்டம் அல்லது ஐந்தாண்டு அனுபவம்...’ ”

ஸ்கேல் நின்றுவிட்டது.

“அல்லது,” என்றாள் ரெனீட்டா.

“என்ன?”

“ ‘அல்லது’ன்னு போட்டிருக்கு, கேல். ஐந்து வருஷம் அனுபவம் போதும்னு போட்டிருக்கு. எனக்குப் பதினோரு வருஷம் இருந்ததே.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. “கல்லூரிப் பட்டம்னு ரெண்டு வார்த்தை படிச்சதுமே எனக்கு உசுரு போயிடுச்சு. மூணாவது வார்த்தையைப் படிக்கவே இல்ல நான். பொய்யே சொல்லியிருக்க வேண்டாம். அடி பாவி ரெனீட்டா, பொய்யே வேண்டாமே!”

அரசாங்கத்தின் முந்நூறு பக்கத்தில் ஒரு ‘அல்லது’ விடாதவள், தன் வாழ்க்கையின் ஒரே ‘அல்லது’வை விட்டுவிட்டாள். அதைவிட ஒரு தண்டனை யார் தர முடியும்? கேலுக்குக் கோபம் பாதியாகக் கரைந்துபோனது. ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். படிக்கிற கண்ணாடி கேலின் கையில் இல்லை. விண்ணப்பத்தின் அடிப்பக்கத்தைத் தூரத்திலிருந்தே காட்டி மெல்லக் கேட்டாள்.

“கீழ ஒரு வரி இருக்குமே. பொய்த் தகவல் கொடுத்தா வேலையிலிருந்து நீக்கலாம்னு. ‘லாம்’தானே?”

தலையை ஆட்டியிருந்தால் போதும். கேல் அந்தத் தலையாட்டலுக்காகத்தான் காத்திருந்தாள். ரெனீட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்கேலைக் கீழே இறக்கி, அந்த வரியைப் படித்தாள்.

“ ‘லாம்’ இல்ல, கேல். ‘நீக்கப்பட வேண்டும்’னு இருக்கு.”

“நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டேன்.”

“எங்கப்பா எழுதின ஃபாரம்தானே? இப்பவே மாத்திடறேன். நான்தானே முதலாளி?”

“மாத்து. இன்னைக்குத் தேதி போட்டு மாத்து. பழைய தேதி போட முடியாது. அது இனிமே வர்றவங்களுக்கு. எனக்கு இதுதான்.”

கேல் அவளையே பார்த்தாள். எரிச்சலா, அழுகையா, மரியாதையா, என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. “அப்போ நீங்க டிஸ்மிஸ்! போதுமா? போங்க!” என்று கத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெனீட்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு முப்பத்தைந்து.

தன் இடத்துக்கு வந்து காப்பிக் கோப்பையை எடுத்தாள், குடையை எடுத்தாள், ஸ்கேலைப் பைக்குள் போட்டாள். கொள்முதல் விதிகளின் மூன்று தடித்த கோப்புகளையும் வரிசையாக நேராக்கி வைத்தாள், அவை கம்பெனியுடையவை. சத்தம் கேட்டு ஓடி வந்த டுவெய்னிடம் நடந்ததை நான்கு வாக்கியத்தில் சொன்னாள்.

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். “நான் தேறணும்னு அப்படி ஏன் பாடுபட்டீங்கன்னு இப்பத்தான் புரியுது. ஐயோ, அந்த ரெண்டு மார்க்!”

“உன் தப்பு இல்லப்பா.”

“கேல்கிட்ட ‘லாம்’னு சொல்லியிருக்கலாமே, மிஸ் ரெனீட்டா. அவளுக்குக் கண்ணாடிகூட இல்லையே.”

“எனக்குக் கண்ணு இருந்துதே, டுவெய்ன்.”

அவன் எழுந்து அவள் குடையைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டான். கொடுக்க மாட்டேன் என்றான். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றேகால் இருக்கும். கேல் கையில் காகிதங்களோடு வேகமாக வந்தாள். இப்போது கண்ணாடி போட்டிருந்தாள்.

“சங்கத்தோட கையேடு. பதினோராம் பக்கம். இதைப் படிச்சீங்களா நீங்க?”

“பாடமெல்லாம் படிச்சேன். விதியெல்லாம் மனப்பாடம்.”

“பதினோராம் பக்கம்?”

ரெனீட்டா மென்று விழுங்கினாள். “ ‘தகுதி’ன்னு தலைப்பு இருந்தது. பார்க்கப் பயமா இருந்தது. புரட்டிட்டேன்.”

“நான் படிச்சேன். உங்க மாதிரி, விரலை வெச்சு, வரி வரியா படிச்சேன். ‘கல்லூரிப் பட்டம் அல்லது முதலாளியின் கடிதத்துடன் பத்தாண்டு அனுபவம்.’ அல்லது, மிஸ் ரெனீட்டா! மறுபடியும் அல்லது! உங்களைப் பத்தின வரின்னா மட்டும் உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போயிடுமா?”

டுவெய்ன் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிப்பதா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“சங்கத்துக்கு போன் பண்ணிட்டேன்,” கேல் மூச்சு வாங்கினாள். “ஒரு அம்மா பேசினாங்க. நீங்க பட்டம்ங்கற கட்டத்தைக் காலியா விட்டிருந்தீங்களாம், அதனாலதான் நகல் கேட்டாங்களாம். கடிதம் இன்னைக்கு வந்தா நாளைக்குச் சான்றிதழ். எழுதிட்டேன். முதல் வரியே ‘இவருக்குப் பட்டம் கிடையாது, எங்களிடம் உண்டென்று எழுதிக் கொடுத்திருந்தார், தானே வந்து சொன்னார்’னுதான். படிச்சுக் காட்டினேன். அனுப்புங்கன்னாங்க.” இன்னொரு காகிதத்தை மேஜையில் வைத்தாள். வெற்று விண்ணப்பம். “இன்னைக்குப் பன்னிரண்டு முப்பத்தஞ்சுக்கு எங்க கம்பெனியில ஒரு இடம் காலியாச்சு. பட்டம் அல்லது அனுபவம். உங்களுக்கு யாராவது தெரியுமா?”

ரெனீட்டா உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து ஸ்கேலை எடுத்தாள். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தாள், அடியில் இருந்த ‘நீக்கப்பட வேண்டும்’ வரைக்கும். ‘கல்வி’ கட்டத்துக்கு வந்தாள். அதற்கு எதிரே ‘இரண்டு ஆண்டு கல்லூரி. பட்டம் இல்லை’ என்று எழுதினாள். நான்கு சொல் கூடுதல், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் தோள்கள் கீழே இறங்கின. கையெழுத்துப் போட்டு நேரத்தையும் எழுதினாள்: ஒன்று இருபத்தைந்து.

“அப்படின்னா,” என்றான் டுவெய்ன் மெதுவாக, “இப்போ கம்பெனியிலேயே புது ஆளு மிஸ் ரெனீட்டாதானே?”

டாலிவர் கம்பெனியில் இரண்டு பழக்கம் உண்டு. காலையில் காப்பி போடுவது புது ஆளின் வேலை. வாசலில் இருக்கிற பீக்கன் மர நிழலில் காரை நிறுத்துவது ரொம்ப நாள் வேலை பார்த்தவரின் உரிமை. இரண்டையும் கேல் விட்டுவிடச் சொன்னாள். சேர்ந்திருந்த லீவு நாட்களையாவது பழையபடி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். ரெனீட்டா கம்பெனி விதியை எடுத்துக் காட்டினாள். லீவெல்லாம் முதல்நாள் ஆளுக்கு உள்ளதுதான் என்றாள். மரநிழல் டுவெய்னுக்குப் போனது. அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் வந்து நிறுத்திவிட்டான்.

அன்று சாயங்காலம் பயோடேட்டா முடிந்தது. கேல் வாங்கிப் படித்தாள்.

“இது என்ன? ‘புதன்கிழமை 12.35 முதல் 1.25 வரை பணியில் இல்லை’யா? ஐம்பது நிமிஷத்தை எவன் கேக்கப்போறான்?”

“கேக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடறது நான்.”

“தேவையில்லாம கேள்வியைக் கூப்பிட்டு உக்கார வைக்கறீங்க.”

“ ‘அனைத்தும் உண்மை’ன்னு போட்டிருக்கு கேல். ‘முக்கியமானதெல்லாம்’னு போடல.”

சான்றிதழ் வியாழன் மத்தியானம் வந்தது. டெண்டர் வெள்ளி காலை பதினொன்றுக்கே போய்ச் சேர்ந்தது, பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்தது. அந்தப் பதிலை ரெனீட்டா அச்செடுத்து வைத்துக்கொண்டாள்.

மே மாதத்தில், கேல் பயந்தது போலவே, அரசாங்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒரே ஒரு கேள்வி. ‘மேலாளரின் பயோடேட்டாவில் உள்ள ஐம்பது நிமிட இடைவெளியை விளக்கவும்.’ கேல் தலையில் கையை வைத்துக்கொண்டாள். ரெனீட்டா பதில் எழுதினாள், ஐந்தே வரி. என்ன பொய் சொன்னேன், எப்போது சொன்னேன், எப்போது ஒப்புக்கொண்டேன், விதிப்படி எப்போது நீக்கப்பட்டேன், எப்போது மறுபடி சேர்ந்தேன். அப்பாவின் பக்கவாதம் அதில் இல்லை. பதினோரு வருஷக் கோழி ஆலை இல்லை. மன்னிப்புகூட இல்லை, கேள்வியில் அதைக் கேட்கவில்லையே.

அப்புறம் ஆறு வாரம் ஒரு சத்தமும் இல்லை. கம்பெனியில் எழுபது பேரும் அவளிடம் சாதாரணமாகத்தான் பேசினார்கள். ஆனால் காலையில் அவள் போடுகிற காப்பியைக் குடிக்க வரும்போது ஒவ்வொருவரும் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஆறு வாரமும் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் இவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்களே என்று நினைப்பாள். மறுபடி அதே பக்கம் வந்தால் மறுபடி அதையேதான் எழுதுவோம் என்றும் நினைப்பாள்.

ஜூன் கடைசியில் ஒரு காலை. காப்பி இறங்கிக்கொண்டிருந்தது. கேல் ஒரு காகிதத்தோடு சாப்பாட்டு அறைக்குள் வந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பின்னாலேயே டுவெய்னும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் வந்துவிட்டார்கள்.

“நீங்களே படிங்க,” என்று கேல் காகிதத்தை நீட்டினாள். “நான் படிக்கல, மூணாவது பக்கத்துல ஒரு வரியைத் தவிர.”

ரெனீட்டா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கேலை எடுத்தாள். முதல் பக்கத்தில் ‘டாலிவர் கம்பெனிக்கு வழங்கப்படுகிறது’ என்று இருந்தது. அதை அவள் வாய்விட்டுப் படித்ததும் அறையே கூச்சலில் அதிர்ந்தது. யாரோ அவளைக் கட்டிப் பிடித்தார்கள். யாரோ ஓரன் பெரியவருக்கு போன் போட்டார்கள். அவள் ஸ்கேலை எடுக்கவில்லை.

“மூணாவது பக்கம்,” என்றாள் கேல். “உங்களைப் பத்தின வரி. புரட்டிட்டுப் போகக் கூடாது, சொல்லிட்டேன்.”

ரெனீட்டா மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்தாள். ‘முக்கியப் பணியாளர்: ரெனீட்டா கிரென்ஷா, ஒப்பந்த மேலாளர்.’ அரசாங்கக் காகிதத்தில் தன் பெயரை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். அதற்கடுத்த வரியை ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அறை மெல்ல அடங்கியது.

“என்னதான் போட்டிருக்கு?” டுவெய்னுக்குப் பொறுக்கவில்லை.

“ ‘இவர் ஒப்பந்தக் காலம் முழுவதும் இந்தப் பணியில் இருக்க...’ ” ஸ்கேல் அங்கேயே நின்றது.

“இருக்கலாமா, இருக்க வேண்டுமா?”

“வேண்டும்,” என்றாள் ரெனீட்டா. “ ‘வேண்டும்’னு போட்டிருக்கு, டுவெய்ன்.”

டுவெய்ன் தன் கோப்பையை அவள் முன்னால் நீட்டினான். “அப்போ இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் காப்பி நீங்கதான். ஊத்துங்க.”